பந்தைத் தொடாதவர்களின் வாத்தியார்

அடியில் ஆணியால் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்ட பால்பவுடர் டப்பா. உள்ளே சுண்ணாம்புத் தூள். விடிந்தும் விடியாத நேரத்தில், அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி மைதானத்தில், அந்த டப்பாவைத் தட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்து போகிறார் ஒரு மனிதர். இழுத்துக் கட்டிய கயிற்றின் மேல் வெள்ளைக்கோடு விழுந்துகொண்டே வருகிறது. கபடிக் களம். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோடு. அதிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன். இன்னும் ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. ஒன்பது மணிக்குப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு அறுநூறு கால்கள் வந்து நிற்கும். கோடு இருந்த இடம் தெரியாது. மறுநாள் விடியற்காலையில் மறுபடியும் டப்பாவைத் தட்டுவார்.

ஊரில் அவரை ‘பி.டி. சார்’ என்பார்கள். மூத்தவர்கள் இன்னும் ‘டிரில் வாத்தியார்’ என்றே சொல்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

கோடு போட்டு முடித்ததும் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார். பாடிப் போகிற வேகமான பையன்கள், அதாவது ரைடர்கள், ஒரு பக்கம். கொஞ்சம் கட்டையான, தோள் அகன்ற, வெட்கப்படுகிற பையன்கள் இன்னொரு பக்கம். வேகக்காரர்களை ஓடவிட்டுவிட்டு இந்த இரண்டாவது கூட்டத்திடம் வந்தார். அடுத்த ஒன்றரை மணி நேரமும் அவர்களோடுதான் இருந்தார்.

இரண்டு பையன்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கை கோக்கச் சொன்னார். இருவரும் விரலோடு விரல் பின்னிக்கொண்டார்கள். சார் அதைப் பிரித்துவிட்டார். விரல் பின்னினால் ரைடர் உதறுகிற உதறலில் விரல் போய்விடும். மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், அல்லது உள்ளங்கைக்குள் உள்ளங்கை கொக்கி போட வேண்டும். அடுத்து பாதம். குதிகால் தரையில் ஊன்றக் கூடாது, எடை முன்பாதத்தில் நிற்க வேண்டும். முட்டி மடங்கியிருக்க வேண்டும். ரைடரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்கக் கூடாது. முகம் பொய் சொல்லும், கை பொய் சொல்லும், இடுப்பு பொய் சொல்லாது. “இடுப்பப் பாருடா தம்பி, இடுப்பப் பாரு” என்று அன்று காலை ஒரு நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

கார்னரில் நிற்பவன் காலைப் பிடிக்கப் பாய்வான். அவன் பாய்கிற அந்தக் கணத்தில் பக்கத்தில் கவரில் நிற்பவன் வழியை அடைக்காவிட்டால், பாய்ந்தவன் அவுட். அடைத்துவிட்டால் பிடி. புள்ளி பாய்ந்தவன் கணக்கில் போகும். அடைத்தவன் பெயர் ஸ்கோர் நோட்டில் பல நேரம் ஏறுவதே இல்லை.

அந்த அடைக்கிறவனை உருவாக்குகிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சொந்தக் கதை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் எனக்கு ரைடர் ஆக ஆசை. எங்கள் சார் என்னைக் கவரில் நிறுத்தினார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, பயிற்சிக்கும் போகவில்லை. மூன்றாம் நாள் வீட்டு வாசலில் சைக்கிள் மணி. அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல், கேரியரில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார். முப்பது வருடம் கழித்து வேறொரு நாட்டு வாத்தியார் ஒருவரின் வாழ்க்கையைப் படித்தபோது அந்த சைக்கிள் மணிதான் காதில் கேட்டது.

அமெரிக்காவின் வரிசை வாத்தியார்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மோதி மோதி முன்னேறுகிற ஆட்டம். பந்து கையில் இருக்கிற அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். நடுவில் சென்டர், இருபுறமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டேக்கிள். பொதுவாக 50-லிருந்து 79 வரை எண் போட்ட சட்டைதான் இவர்களுக்கு. முன்னே வீசப்படும் பந்தை இவர்கள் பிடிக்கவே விதி அனுமதிப்பதில்லை. சென்டர் மட்டும் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பார். அதோடு சரி. எதிரே வருகிற ஆளை மறிப்பது, பின்னால் நிற்கிறவருக்குப் பந்தை வீச இரண்டு மூன்று நொடி வாங்கிக் கொடுப்பது, ஓடுகிறவருக்கு வழி திறந்துவிடுவது, இதுதான் இந்த ஐவரின் வேலை. ஓடியவர் எத்தனை கெஜம் ஓடினார் என்று எழுதப் பட்டியலில் இடம் உண்டு, பிடித்தவருக்கும் உண்டு, மறித்தவருக்கு அப்படி ஒரு பத்தி இல்லை. தவறாகக் கையால் இழுத்துப் பிடித்துவிட்டால் மட்டும் நடுவர் அவருடைய சட்டை எண்ணை மைதானம் முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார். பல ஆட்டங்களில் அந்த எண்ணை ரசிகர்கள் கேட்பது அந்த ஒரே ஒரு தடவைதான்.

அந்த ஐவருக்கென்றே தனியாக ஒரு பயிற்சியாளர் இருப்பார். கல்லூரி ஃபுட்பாலில் அந்த வேலையில் பெரிய பெயர் ஜோ மூர். பென்சில்வேனியா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிகளில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். 1977-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்து 1985 வரை அதன் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டார். பள்ளி நாட்களில் குவார்ட்டர்பேக், அதாவது அணியின் கதாநாயகன் இடத்தில் ஆடிய ரஸ் கிரிம் என்ற இளைஞர் அங்கேதான் சென்டர் ஆனார். ஆட்டத்தின் மிகப் பகட்டான இடத்தில் இருந்து, பந்தைத் தொட்டுப் பின்னால் கொடுத்துவிட்டு மோதலில் புதைந்துபோகிற இடத்துக்கு! முதல் நாள் அந்தப் பையன் என்ன நினைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். 2010-ல் அதே ரஸ் கிரிம், தொழில்முறை ஃபுட்பாலின் உச்ச கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். மூரின் இன்னொரு மாணவரான ஜிம்போ கோவர்ட்டும் 2020-ல் அங்கே இடம்பெற்றார்.

1988-ல் மூர் நோத்ர டேம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த ஆண்டே அந்த அணி தேசிய சாம்பியன். எட்டு வருடம் கழித்து, 1996 இறுதியில் அணிக்குப் புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்தார். மூர் நீக்கப்பட்டார். அப்போது அவருக்கு 64 வயது. வயதைக் காரணமாக வைத்துத்தான் தன்னை வெளியேற்றினார்கள் என்று வழக்குப் போட்டார். 1998-ல் ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2003-ல் இறந்தார். 2015-லிருந்து அவர் பெயரில் ஒரு விருது கொடுக்கிறார்கள். தனி ஆட்டக்காரர் யாருக்கும் அது கிடையாது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த முன்வரிசைக்கு, வரிசை மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே விருது. கோப்பையின் எடை 360 கிலோவுக்கு மேல். ஒருவர் தூக்க முடியாது.

இந்தக் கதையை அந்த பி.டி. சாரிடம் சொன்னேன். கோப்பையின் எடையைக் கேட்டுத் தலையாட்டினார். வழக்குப் போட்டதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். அதற்குமேல் பேசவில்லை.

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து நந்தனம் வரை

எங்கேயோ அமெரிக்கா, எங்கேயோ அரியலூர் என்று தோன்றலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் ஓடுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில் 1890 வாக்கில் ஒரு ஃபுட்பால் அணி இருந்தது. அமோஸ் அலோன்சோ ஸ்டாக் அதன் பயிற்சியாளர். அந்த அணியில் சென்டர் இடத்தில், முன்வரிசையின் நட்டநடுவில் நின்று மோதியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். மறு வருடம், 1891 டிசம்பரில், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளே ஆட ஓர் ஆட்டம் வேண்டும் என்று அதே நெய்ஸ்மித் கண்டுபிடித்ததுதான் பாஸ்கெட்பால்.

அதே பள்ளியில் பின்னாளில் படித்தவர் ஹாரி குரோ பக். மதராஸுக்கு வந்தார். 1920-ல் உடற்கல்விக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்று சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. ஆசியாவிலேயே இவ்வகையில் முதலாவது என்பார்கள். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவரே. 1943-ல் சென்னையிலேயே காலமானார்.

அவரிடம் படித்தவர்கள் ஜில்லா ஜில்லாவாகப் பள்ளிகளுக்குப் போனார்கள். அவர்களிடம் படித்தவர்கள் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். விசில், டப்பா, கயிறு, வரிசை, டிரில் எல்லாம் அப்படித்தான் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. சடுகுடுவை மட்டும் யாரும் கொண்டுவந்து தர வேண்டியிருக்கவில்லை, அது இங்கேயே இருந்தது. அதற்குக் கோடும் நேரமும் நோட்டும் போட்டு, போனால் ஏழு பேரும் ஒரு கையாகப் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த வாத்தியார்கள்.

பக்கத்து ஊர்ப் பிள்ளையை ஜகார்த்தாவில் பார்த்த நாள்

2022 மே 23. ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி, இந்தியாவும் பாகிஸ்தானும். 9-வது நிமிடத்தில் இந்தியாவுக்கு கோல். அடித்தவர் முதல் ஆட்டம் ஆடுகிற பையன். பெயர் கார்த்தி செல்வம். ஊர் அரியலூர். ஆட்டம் கடைசியில் 1-1 என்று சமனில் முடிந்தது. அந்தத் தொடரில் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. மறு வருடம் ஆகஸ்ட்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவுக்கு எதிராக அவர் மறுபடியும் கோல் அடித்தார். இறுதிப் போட்டியில் அதே மலேசியாவை 4-3 என்று வென்று இந்தியா கோப்பையை எடுத்தபோது எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் அதிர்ந்தது.

காவலாளியாக வேலை பார்த்தவரின் மகன் இந்தியச் சட்டை போட்டான் என்பது செய்தியானது. ஆக வேண்டியதுதான். எனக்கு அந்தச் செய்தியில் இன்னொரு வரி தேவைப்பட்டது. அரியலூரில் பிறந்த பிள்ளை கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் சேர்ந்து வளர்ந்தான் என்று எல்லாரும் எழுதினார்கள். கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போன ஊர். தெருவுக்குத் தெரு மட்டை பிடிக்கிற ஊர். அங்கே செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது, விடுதி இருக்கிறது, பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அந்த ஊரின் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் திருச்சி, மதுரை எல்லாம் தாண்டி அங்கே போய்ச் சேருவதற்கு முன்னால், கையில் மட்டையைக் கொடுத்து, இடது கை மேலே வலது கை கீழே என்று வைத்துக் காட்டிய ஒருவர் இருந்திருக்க வேண்டும். தேர்வு நடக்கிற தேதியைச் சொன்னவர், படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர், பஸ் ஏற்றிவிட்டவர்.

அந்த இடம்தான் நம் பக்கத்து பி.டி. சார்களின் இடம். மறித்து வழி திறந்துவிடுகிறார்கள். ஓடுகிறவன் ஓடுகிறான்.

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தின் ஓரத்துத் தாலுகாக்களாகக் கிடந்த ஊர்கள். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. அரியலூர் 2001-ல் அதிலிருந்து பிரிந்து, 2002-ல் திரும்பச் சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடி தனி மாவட்டம் ஆனது. மாவட்டம் ஆனால்தான் மாவட்ட விளையாட்டு அலுவலர் வருவார், மாவட்ட அரங்கம் வரும், மாவட்ட அணி என்று ஒன்று இருக்கும். பழைய ஜில்லாக்களுக்கு முன்பே கிடைத்தது இங்கே ஒரு தலைமுறைக்கு முன்புதான் வந்தது. இன்று பெரம்பலூரில் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் இருக்கிறது, மாணவிகளுக்கு விளையாட்டு விடுதி இருக்கிறது. அரியலூரிலும் மாவட்ட அரங்கம் இருக்கிறது.

மண்ணையும் சொல்ல வேண்டும். பாதி இடம் கரிசல். கோடையில் கால் விரல் மாட்டுகிற அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்த இடம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இன்றும் கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் கிடைக்கின்றன. அதே சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் சிமெண்டு ஆலைகள் வந்தன, லாரிகள் வந்தன. காலை ஓட்டத்துக்குப் பிள்ளைகளைச் சாலையில் விட சார்களுக்குப் பயம். பெரம்பலூர்ப் பக்கம் வேறு சிக்கல். சின்ன வெங்காயம் பிடுங்குகிற நாட்களிலும் மக்காச்சோளம் ஒடிக்கிற நாட்களிலும் அணியில் பாதிப் பேர் காட்டில் இருப்பார்கள். அவர்களைத் திட்டி என்ன செய்வது? சார் வயலுக்கே போய் வரப்பில் உட்கார்ந்து, வேலை முடிந்ததும் கூட்டி வந்த கதைகளை இரண்டு ஊர்களில் கேட்டேன்.

இந்த மண்ணில் கபடி ஆட, மைதானத்தைத் தோண்டி, மணலும் தேங்காய் நார்த்தூளும் கொட்டி, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துகிறார்கள். பொங்கலுக்கு ஊர் ஊராக நடக்கும் இரவு ஆட்டங்களுக்கு இளைஞர்களே இதைச் செய்துவிடுவார்கள். ஆனால் மாநிலப் போட்டிக்குப் போனால் அங்கே மேட் விரித்திருக்கும். மண்ணில் பழகிய கால் மேட்டில் வழுக்கும், ஷூ போட்டுப் பழகாத கால் கனக்கும். அங்கே முதலில் விழுகிறவன் ரைடர் அல்ல, பிடிக்கிறவன்தான். ரைடருக்கு இடம் இருக்கிறது, ஓடித் தப்பிக்கலாம். மறிக்கிறவனுக்குப் பாதம் மட்டும்தான் ஆயுதம்.

வேலை என்று ஒன்று

ஒரு பி.டி. சாரின் உத்தியோகம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். உடற்கல்வியில் பி.பி.எட்., பிறகு முடிந்தால் எம்.பி.எட். இந்தப் படிப்புக்கென்றே மாநிலத்தில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரே ஆட்டத்தில் பயிற்றுநராக வேண்டும் என்றால் பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்துக்குப் போய் டிப்ளமா வாங்க வேண்டும். நம் சார்களில் பெரும்பாலோர் பாட்டியாலா போனதில்லை. பள்ளிக்கூட வாத்தியார் எல்லா ஆட்டத்துக்கும் வாத்தியார். காலையில் கபடி, மாலையில் கோகோ, நடுவே குண்டு எறிதல், ஆண்டு விழாவுக்கு அணிவகுப்பு.

அதற்கு மேல் இருப்பவைதான் ஆளைத் தின்கின்றன. பிரார்த்தனைக் கூட்டம், தாமதமாக வருகிறவர்களை நிறுத்துவது, முடி வெட்டாதவனைத் திருப்பி அனுப்புவது, இலவச சைக்கிள் வந்தால் எண்ணி இறக்குவது, சீருடை அளவு எடுப்பது, வாத்தியார் வராத வகுப்பில் போய் நிற்பது. கணக்கு வாத்தியார் தேர்வு நெருங்கும்போது விளையாட்டு வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்த கணக்கு வாத்தியாரை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் முடிந்த பிறகும் தொடங்கும் முன்பும்தான் இவர்களின் உண்மையான வேலை நடக்கிறது. அந்த நேரத்துக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

சம்பளம் என்றால் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். 2012-ல் தமிழ்நாடு அரசு உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்பது ஆண்டுக்கணக்கில் நடைமுறையாக இருந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்குப் போய்ப் போராடிய நாட்கள் எத்தனையோ. 2023-ல் ஒரு போராட்டத்துக்குப் பிறகு தொகையை 12,500 ரூபாயாக உயர்த்துவதாக அரசு அறிவித்தது. மே மாதம் சம்பளம் இல்லாத மனிதர், அதே மே மாதத்தில்தான் விடுதித் தேர்வுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டியிருந்தது. அப்போது பஸ் காசு அவர் சட்டைப் பையிலிருந்துதான் போயிருக்கும். இதை அரசு இனி எந்தக் காலத்திலும் யாருக்கும் செய்யக் கூடாது.

கல்லூரிக்குப் போனால் உடற்கல்வி இயக்குநர். பதவிப் பெயர் பெரியது. ஆனால் அரசுக் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் அந்தத் துறையில் இருப்பவர் அவர் ஒருவர்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்கிற பையன்கள் பலர் விடிகாலை பால் போட்டுவிட்டு, இரவில் செக்யூரிட்டி வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு அணி தேறுவதற்குள் மூன்று பேர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார்கள். அமெரிக்கக் கல்லூரியில் ஐந்து பேர் வரிசைக்கு ஒரு வாத்தியார் தனியாக இருக்கிறார் என்று சொன்னால், இங்கே ஒரு கல்லூரியின் எல்லா ஆட்டத்துக்கும் ஒரு வாத்தியார்.

இருந்தும் கவரில் நிற்கிறவனை உருவாக்க நேரம் எடுத்துக்கொள்கிறார்களே, அதுதான் எனக்கு வியப்பு. ரைடரை உருவாக்குவது சுலபம் என்று சொல்லவில்லை. வேகம் பிறவியில் கொஞ்சம் வரும், மைதானத்தில் தெரியும், கைதட்டல் கிடைக்கும், பையனே ஓடி வந்துவிடுவான். மறிக்கிறவன் அப்படி வரமாட்டான். அவனைத் தேடிப் போக வேண்டும். நீ முக்கியம் என்று ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் கழித்துத்தான் அவனுக்கே புரியும்.

புரோ கபடியில்கூட இதே கதைதான். பர்தீப் நர்வால் ரெய்டில் 1,500 புள்ளிகளைத் தாண்டியதை நாடே பேசியது. பிடியில் 500-ஐத் தாண்டிய ஈரான்காரர் பசல் அத்ராச்சலியின் பெயர், ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். அந்தப் பிடிப் புள்ளியும் கடைசியில் பிடித்தவருக்குத்தான், அடைத்துக் கொடுத்தவருக்கு அல்ல.

இந்த வரிசையில் நம் பக்கத்து ஆள் ஒருவரும் இருக்கிறார். அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லை கொள்ளிடம். அதைத் தாண்டினால் தஞ்சை மாவட்டம். அங்கே திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்துத் திருச்சென்னம்பூண்டியில் 1975-ல் பிறந்தவர் தர்மராஜ் சேரலாதன். ஆயுள் முழுக்கப் பிடிக்கிறவர் இடத்தில் நின்றவர். மற்றவர்கள் ஓய்வு பெறுகிற வயதில், 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவராக இருந்து புரோ கபடிக் கோப்பையை வாங்கித் தந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை 38-29 என்று வென்று உலகக் கோப்பையை எடுத்த இந்திய அணியிலும் இருந்தார். வயது 41. கூட ஆடியவர்கள் எல்லாருமே அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டார்கள், வடநாட்டுப் பையன்கள் உட்பட. 2024-ல் தமிழ் தலைவாஸ் அணிக்குப் பயிற்சியாளர் குழுவில் வந்து சேர்ந்தார். மறிக்கிற இடத்தில் நின்றவருக்கு முழு மைதானமும் முன்னால் தெரியும். அவர் வாத்தியார் ஆவது இயல்பு.

பெயர் யாருக்குப் போய்ச் சேர வேண்டும்

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் இந்தியா இரண்டு தங்கமும் வாங்கியது. சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் அந்த அணிகளில் இருந்தார்கள். அரசு ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்த வாரத்தில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. கண்ணகி நகரில் அந்தப் பெண்ணை வளர்த்த பயிற்சியாளரையும் ஜனங்கள் தேடிப் போய்ப் பேசினார்கள். தொலைக்காட்சிகளில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதே மாதம் வந்த ‘பைசன்’ படத்திலும் ஒரு பி.டி. வாத்தியாரைப் பார்த்துத் திரையரங்கில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் அப்படி ஒருவர் இருந்திருக்கிறார் போலும்.

மத்திய அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. சர்வதேசப் பதக்கம் வாங்குகிறவரின் பயிற்சியாளருக்கான பரிசுத் தொகையை ஒருவருக்கே கொடுக்காமல் பிரித்துக் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். கடைசியில் பயிற்சி கொடுத்தவருக்கு 50 சதவீதம், இடையில் வளர்த்தவருக்கு 30, அடிமட்டத்தில் முதலில் பிடித்தவருக்கு 20. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-ல் தொடங்கியபோது முதல் ஆண்டே பி.டி. உஷாவின் வாத்தியார் ஓ.எம். நம்பியாருக்குக் கிடைத்தது. பள்ளிப் பருவத்திலேயே உஷாவைக் கண்டெடுத்துப் பல ஆண்டுகள் கூட வந்தவர் அவர். ஆனால் எல்லா வாத்தியாராலும் கூடவே போக முடியாது. செந்துறையில் இருப்பவர் செந்துறையில்தான் இருக்க வேண்டும், அடுத்த பையன் அங்கேதான் வருவான். எனவே 20 சதவீதம் என்ற அந்தப் பங்கு வெறும் பணம் அல்ல, முதல் கை எது என்று காகிதத்தில் எழுதிவைக்கிற ஏற்பாடு.

அந்தக் காகிதத்தில் பெயர் ஏற வேண்டுமானால் முதல் கை யாருடையது என்று எங்காவது பதிவாகியிருக்க வேண்டும். விடுதியில் சேரும்போதே, படிவத்தில் அப்பா பெயருக்குக் கீழே ‘முதல் பயிற்சி அளித்தவர்’ என்று ஒரு கட்டம் வேண்டும் என்பது என் கோரிக்கை. ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் சேர்கிற பிள்ளைக்குப் பத்து வருடம் கழித்து ஞாபகம் இருக்கும். ஆனால் அலுவலகத்துக்கு ஞாபகம் இருக்காது. சார் ஓய்வு பெற்றிருப்பார், அல்லது மாறுதலில் எங்கோ போயிருப்பார். கட்டம் ஒன்று போட அரசுக்கு ஒரு பைசா செலவில்லை. இதை விளையாட்டுத் துறையில் இருப்பவர்கள் படித்தால், வருகிற ஆண்டே செய்யுங்கள்.

திரும்பவும் அந்த மைதானத்துக்குப் போனேன். சாயங்காலம். காலையில் கை கோத்துப் பழகிய அந்த இரண்டு பையன்களும் கவரில் நின்றார்கள். ரைடர் உள்ளே வந்தான். அந்தப் பக்கம் கார்னர் பாய்ந்தான், கணுக்காலில் கை விழுந்தது. ரைடர் உதறிக்கொண்டு நடுக்கோட்டை நோக்கித் திரும்பினான். கவரில் இருந்த கட்டையான பையன் ஒரே ஒரு எட்டு வைத்தான், அவ்வளவுதான். நெஞ்சு நெஞ்சில் மோதியது. நடுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் எல்லாரும் குவியலாக விழுந்தார்கள். பாய்ந்த பையனை மற்றவர்கள் தூக்கிக் கொண்டாடினார்கள். சார் நேரே கட்டையான பையனிடம் போய், அவன் முட்டியில் ஒட்டியிருந்த நார்த்தூளைத் தட்டிவிட்டார்.

பிறகு ஒரு நோட்டைக் காட்டினார். நீளமான கணக்கு நோட்டு, அட்டையில் பழுப்புத் தாள் போட்டது. ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு பக்கம். பெயர், வகுப்பு, உயரம், எடை, ஆடுகிற இடம். சில பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் ‘விடுதி’ என்று எழுதியிருந்தது. சிலவற்றுக்கு எதிரே ‘போலீஸ்’, ‘ராணுவம்’, ‘திருப்பூர்’. இந்த வருடத்துப் பக்கத்தில் அந்தக் கட்டையான பையனின் பெயர் ஆறாவது. எடை 58 கிலோ. இடம் ‘ரைட் கவர்’. எதிர்ப்பத்தி காலியாக இருந்தது. மே மாதம் தேர்வுக்குக் கூட்டிப் போகப் போகிறார். நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, காலி டப்பாவில் நாளைக்கான சுண்ணாம்பை அள்ளிப் போடத் தொடங்கினார்.